சித்தாண்டி வளவில் ஒரு மொறிஸ் மைனர்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்வோருக்கு ஏறாவூரைக் கடந்ததும் செங்கலடிச் சந்தி எதிர்ப்படும். அங்கே இடது கைப்புறமாகப் பிரிகின்ற வீதியைப் புதிதாக வருகிறவர்கள் அதிகம் பொருட்படுத்துவதில்லை. சில கடைகள், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் சனங்கள், சைக்கிள்கள். வேறு விசேஷம் எதுவும் கண்ணிற் படாது. ஆனால் அந்த வீதிதான் கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என ஊரூராகத் தொட்டுக்கொண்டு மலையேறிப் பதுளையை அடைகின்றது. பதுளையோடும் அது நிற்பதில்லை. 6,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நுவரெலியாவைக் கடந்து பேராதனை வரை போகின்றது. ஏ-5 என்று வரைபடங்களில் குறிக்கப்படும் அந்த மலைப்பாதையின் கீழ்முனை, வயலும் வாவியும் சூழ்ந்த சமதரையில் கிடக்கின்றது.

செங்கலடியைத் தாண்டி, கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வந்தாறுமூலையையும் கடந்தால் சித்தாண்டி. மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரம். ஊரின் நடுநாயகமாக விளங்குவது சித்திர வேலாயுத சுவாமி கோயில். மட்டக்களப்பு நாட்டவர் திருப்படைக் கோயில்கள் என்று வரிசைப்படுத்திப் போற்றும் பழைய தலங்களுள் அதுவும் ஒன்று. திருவிழாக் காலத்தில் இவ்வூரின் ஒழுங்கைகள் எல்லாம் அக்கோயிலை நோக்கியே ஓடுவன போலத் தோன்றும். ஊருக்கு மேற்கே சந்தனமடு ஆறு. ஆற்றுக்கு அப்பால் வயல்கள், மாட்டுப் பட்டிகள், மேய்ச்சல் தரைகள். பாலும் தயிரும் நெல்லும் இப்பகுதியாரின் ஜீவனம். வடகீழ்ப் பருவக்காற்று கார்த்திகை மார்கழியில் மழையைக் கொண்டுவந்து கொட்டும்போது ஆறு எது, வயல் எது, வீதி எது என்று வேறுபடுத்த இயலாமற் போவதும் உண்டு. 2011ஆம் ஆண்டு ஜனவரி வெள்ளத்தை இன்றும் சுவரில் விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.

தரையோ உள்ளங்கை போன்றது. ஒரு பந்தை நிலத்தில் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். இப்படிப்பட்ட ஊரிலே கார் வைத்திருப்பவர்கள் கைப்பிறேக்கை மறந்துவிடுவது இயல்பேயன்றோ? வண்டியை நிறுத்தினால் அது நிற்கிறது. இறங்குகிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள், போய்விடுகிறார்கள். விளக்கு எரியாவிட்டால் அன்றிரவே தெரிந்துவிடும். ஹோண் ஒலிக்காவிட்டால் அடுத்த மாட்டு மந்தையிடம் தெரிந்துவிடும். கைப்பிறேக் பழுதானாலோ, சமதரையில் அது வருஷக்கணக்காகத் தெரியவராது. செங்கலடிச் சந்தியில் வலது பக்கம் திரும்பிச் சில மணி நேரம் ஓடிய பிறகுதான் தெரியும். அப்போது அதை அறிந்து பயனில்லை.

கோயிற் தரிசனத்துக்காக அவ்வூருக்குச் சென்று, பழக்கமான ஒரு குடும்பத்தின் வீட்டில் நாம் இரண்டு நாள் தங்கினோம். வீட்டின் முன்வளவில் மாமர நிழலிலே சாம்பல் நிற மொறிஸ் மைனர் ஒன்று நின்றது. வீட்டுக்காரரின் தகப்பனார் 1959இல் வாங்கிய வண்டி என்றார்கள். இலக்கத் தகட்டில் ‘ஸ்ரீ’ எழுத்து இருந்தது. இலங்கையில் அந்த எழுத்து 1957 முதல் கார்களில் ஏறியது. அதற்கு முந்திய வண்டிகள் ஆங்கில எழுத்துகளோடு இருக்கும். பழைய கார்களின் வயதை அறிய இது ஒரு சுலபமான குறி. அந்த ஒற்றை எழுத்து எழுப்பிய அரசியற் புயல் வேறொரு பெரிய கதை.

மொறிஸ் மைனரைப் பற்றி மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்க செய்திகள் சில உண்டு. அலெக் இசிகோனிஸ் என்னும் யந்திர நிபுணர் வரைந்த இக்கார் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்தது. பின்னாளில் 1959இல் வந்த ‘மினி’ காரைப் படைத்தவரும் இவரே. மைனரின் மாதிரி வண்டி ஏறக்குறைய முடிந்த நிலையில் அதன் அகலம் அவர் கண்ணுக்குப் போதாததாகப் பட்டது. வண்டியை நெடுக இரண்டாக வெட்டி, நடுவே 4 அங்குல இடைவெளி விட்டுப் பார்த்து, அதுவே சரி என்று முடிவு செய்தாராம். அதனால்தான் மைனரின் பொனற் மேல் நடுவே தட்டையான ஒரு பட்டை ஓடுகிறது. அடுத்த முறை ஒரு மைனரைக் காணும் சிறுவர் சிறுமியர் அந்தப் பட்டையைத் தேடிப் பார்க்கலாம். 1971 வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. இலங்கைக்கு வந்தவற்றில் பல இன்னும் ஓடுவதற்குக் காரணம் இரண்டு: வண்டியின் எளிமை ஒன்று, நமது கட்டாயம் மற்றொன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி பெரும்பாலும் நின்றுபோயிற்று. 1977இல் பொருளாதாரக் கொள்கை மாறும் வரை, இருந்த காரைப் பேணுவதன்றி நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு வழியில்லை. அந்தக் கட்டாயத்திலே வளர்ந்த கைத்திறன் வீண்போகவில்லை. காலியை அண்டிய பகுதியில் தனபால சமரசேகர என்பவர் நடத்திய டியூறபிள் கார் கம்பனி, மைனரின் தகட்டுப் பாகங்களைக் கையாலேயே அடித்து உருவாக்கி, 1990களில் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. இந்தக் காரைப் பிறப்பித்த நாட்டுக்கு இந்நாட்டுச் சுத்தியல் பாகம் அனுப்பியது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருகின்ற செய்தியே.

சித்தாண்டி மைனருக்கு வருவோம். அதன் கைப்பிறேக்கின் சரித்திரம் 1990இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது இச்சுற்றுவட்டாரத்து மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சம் புகுந்தார்கள். இந்தக் குடும்பமும் கையில் எடுக்கக் கூடியதை எடுத்துக்கொண்டு புறப்பட்டது. வீட்டுக்காரரின் தகப்பனார் காரை வளவின் மூலையில் தள்ளி நிறுத்தி, ஒழுங்கான மனிதர் ஆதலால், கைப்பிறேக்கை இறுக இழுத்துவிட்டுப் போனார். திரும்பி வர மாதங்கள் பல ஆயின. இடையில் ஒரு மாரி மழை வந்து போயிற்று. வந்து பார்த்தபோது கார் அங்கேயே நின்றது. ஆனால் பின்சில்லுகள் இரண்டும் அசையவில்லை. பிறேக் சூக்கள் டிறத்தோடு கறள் பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டன. உழவு யந்திரத்தில் கயிறு கட்டி இழுத்து அதை விடுவித்தார்களாம்.

“அப்பா அந்த நேரம் கைப்பிறேக்கைப் போடாமல் விட்டிருந்தால் நல்லது. ஆனால் அப்படி விட்டிருந்தால் அவர் அப்பா இல்லை,” என்றார் வீட்டுக்காரர்.

நீண்ட காலம் ஓடாமல் நிற்கப்போகும் பழைய வண்டிக்குக் கைப்பிறேக் போடுவது நல்லதன்று என்பதை வாசகர்கள் இங்கே குறித்துக்கொள்ளலாம். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அடை கொடுத்துப் பிறேக்கைத் தளர்த்தி விடுவதே முறை.

அதன் பின் வந்த ஆண்டுகளில் அந்தக் கைப்பிறேக் பல கைகளுக்குப் போய்வந்தது. ஒவ்வொருவரும் இருக்கைகளுக்கு நடுவே நட்டை ஒரு சுற்று இறுக்கிவிட்டு, “இப்போது பிடிக்கும்” என்று சொல்லி அனுப்பினார்கள். சில நாள் பிடிக்கும். பிறகு பழைய கதைதான். சமதரையில் இது எவருக்கும் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஆயினும் வீட்டம்மாவின் தமையனார் குடும்பம் பதுளையில் இருக்கின்றது. நாம் போவதற்கு முந்திய ஆண்டு அங்கே போனபோது பசறைக்கு மேலே வழியில் எங்கே நிறுத்தினாலும், முதலில் அம்மா இறங்கிச் சில்லுக்குக் கீழே கல் வைக்க வேண்டியிருந்தது. ஐயா காலைப் பிறேக்கிலிருந்து எடுக்க மாட்டார். அம்மா கல் தேடிக்கொண்டு வரும்வரை மற்றவர்கள் வண்டியினுள் மூச்சுக் காட்டாமல் இருப்பார்கள்.

“தேத்தண்ணி குடிக்க நிறுத்தினாலும் எனக்குக் கல்லுப் பொறுக்கிற வேலைதான். இந்த முறை பிறேக் பிடித்தால் நான் வருவேன், இல்லாட்டி பஸ்ஸில் போவேன்,” என்று அவர் சொல்லிவிட்டார்.

அம்மாவின் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. மைனரில் கால்பிறேக் திரவத்தினால் இயங்குவது. மிதியை அழுத்தினால் குழாய்களில் உள்ள பிறேக் எண்ணெய் நான்கு சில்லுகளிலும் உள்ள சிறு சிலிண்டர்களைத் தள்ள, அவை சூக்களை டிறத்தின் உட்புறத்தோடு அழுத்தும். இக்காலத்து வண்டிகளில் இந்தக் குழாய்த் தொடர் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று கசிந்தாலும் மற்றது பாதி வண்டியையாவது பிடிக்கும். மைனரில் எல்லாம் ஒரே தொடர். எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லும் ஒருங்கே கைவிட்டுவிடும். அப்போது எஞ்சி நிற்பது கைப்பிறேக் ஒன்றே. அதற்கும் திரவத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வெறும் இரும்புக் கேபிள் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு பின்சில்லுக்குப் போகிறது. லுணுகலைப் பக்கத்து இறக்கத்தில் அந்த இரண்டு கேபிள்களை நம்பித்தான் ஒரு குடும்பத்தின் உயிர் இருக்கின்றது என்றால் அது மிகையன்று. நிறுத்திய வண்டி உருளாமல் இருப்பதற்கான சாதனம் என்று மட்டும் அதைக் கருதுவது சமதரைக்காரர்களின் எண்ணம்.

மலைக்குப் போகாத மட்டக்களப்பாரும் முன்னாளிலே இதன் அருமையை அறிந்திருந்தார்கள். வாவியும் கழிமுகங்களும் குறுக்கிட்ட இந்நாட்டில் பாதைப்படகுகளில் ஏறித்தான் கார்கள் கரை மாறின. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை பாதைதான். வடக்கே கிண்ணியாவில் 2009 வரை பாதைதான். கரையிலிருந்து பலகைச் சரிவில் இறங்கி, ஆடுகின்ற மிதவையில் முன்வண்டியின் பின்புறத்தை முட்டாமல் நிறுத்திக் கைப்பிறேக்கை இழுக்கும் ஓசை அந்நாளைய பிரயாணிகளின் காதுக்குப் பழகியது. பாலங்கள் வந்தன, அந்த ஓசையும் மறந்துபோயிற்று.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. வேலைக்குத் தலைமை தாங்கியவர் வீட்டுக்காரரின் மகள், பல்கலைக்கழக மாணவி. கராஜுக்குப் போகாமல் வீட்டிலேயே செய்வதென்று தீர்மானித்ததும் அவரே. “அப்பா, எல்லாரும் நட்டைத்தான் இறுக்கினார்கள். ஒருத்தரும் சில்லைக் கழற்றிப் பார்க்கவில்லை,” என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்திலே நோயின் முழு விவரமும் அடங்கியிருந்தது.

காரணம் இதுதான். பிறேக் சூவின் மேல் ஒட்டியுள்ள லைனர் நாளடைவில் தேய்கிறது. தேயத் தேயச் சூவுக்கும் டிறத்துக்கும் இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் குறைப்பதற்கென்றே ஒவ்வொரு பின்சில்லினுள்ளும் ஒரு திருகு இருக்கின்றது. அதை விட்டுவிட்டுக் கேபிளின் நட்டை இறுக்கினால், கைப்பிறேக் பிடிப்பது போலத் தோன்றும். உண்மையிலோ, டிறத்தின் பின்தட்டில் உள்ள சிறு நெம்புகோல் எந்நேரமும் பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். அதற்கு மேல் அது அசைய இடம் குறைவு. சூ டிறத்தில் உரசிச் சூடேறும்; கேபிள் நீளும்; கடைசியில் நட்டு ஓடுவதற்குப் புரி மிஞ்சாது. ஆகவே முதலில் சூ, அதன் பின்னரே கேபிள். இந்த முறைமையைப் பிடித்தவருக்கு மற்றவை எல்லாம் எளிது.

முதற் கவலை காரைத் தூக்குவது. சித்தாண்டியின் தரை மணற்பாங்கானது. ஜாக்கின் சிறிய அடி அதற்குள் புதைந்துவிடும். ஆதலால் அகலமான பலகை ஒன்றை முதலில் இட்டார்கள். முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டைகள் அடை கொடுத்தார்கள். இதைச் சிலர் அலட்சியம் செய்வதுண்டு, கியரில் போட்டிருக்கிறோமே என்று. மைனரில் எஞ்சின் சுழற்றுவது பின்சில்லுகளை. அவற்றை நிலத்திலிருந்து தூக்கிவிட்டால் கியரும் பிடிக்காது, கைப்பிறேக்கும் பிடிக்காது. வண்டியை நிலத்தோடு பிணைப்பது அந்த மரக்கட்டைகள் மாத்திரமே. சில்லு நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே சற்றுத் தளர்த்திக்கொண்டார்கள். தூக்கிய பின் அச்சுக்குக் கீழே உறுதியான இரும்புத் தாங்கிகள் இரண்டு வைக்கப்பட்டன. அயல்வீட்டு இளைஞர் ஒருவர் சீமெந்துக் கற்களைச் சுமந்துகொண்டு வந்தார். “வேண்டாம் தம்பி, அது சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும்,” என்று வீட்டுக்காரர் தடுத்தார். மிகவும் சரியான பேச்சு. ஜாக் ஒன்றையே நம்பி எவரும் வண்டியின் கீழ் தலையை நீட்டலாகாது; சிறுவர்களை அந்தப் பக்கமே அண்ட விடலாகாது.

சில்லைக் கழற்றிய பின் டிறத்தைப் பிடித்துள்ள இரண்டு சிறு திருகுகளை எடுக்க வேண்டும். கறள் அவற்றை அவ்வளவு இலகுவில் விட்டுவிடவில்லை. ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் பொறுத்து, சரியான அளவுத் திருப்புளியால் அழுத்தித் திருப்பியபோது வந்தன. அவசரப்பட்டிருந்தால் திருகின் தலை வழுக்கி, அரை நாள் வேலை ஒரு வார வேலையாகியிருக்கும். டிறத்தையும் சுற்றிவர மரச்சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் எடுத்தார்கள்.

டிறத்தினுள் கறுத்த தூசி படிந்திருந்தது. இவ்விடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை சொல்ல வேண்டும். அந்நாளில் கராஜ்களில் இந்தத் தூசியை வாயால் ஊதியோ காற்றுக் குழாயால் அடித்தோ போக்குவார்கள். பழைய பிறேக் லைனர்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அதன் நுண்ணிய நார்கள் நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயையும் வேறு சுவாசப்பை நோய்களையும் உண்டாக்கும் என்பது இன்று ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. எந்த லைனரில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் சொல்ல இயலாது. எனவே மகள் முகக்கவசம் அணிந்து, தூசியை நீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அத்துணியைப் பொலித்தீன் பையில் இட்டுக் கட்டினார். வளவைக் கூட்டுவதற்கு விளக்குமாற்றோடு வந்த சிறுவனையும் அப்பால் அனுப்பிவிட்டார்.

பார்க்க வேண்டியவை சில இருந்தன. அச்சின் ஒயில் சீல் கசிந்து லைனரில் எண்ணெய் ஊறியிருக்கிறதா? ஊறியிருந்தால் எத்தனை இறுக்கினாலும் பிடிக்காது. சீலையும் மாற்றி, இரு பக்கத்து லைனரையும் சேர்த்து மாற்ற வேண்டும். சிலிண்டரைச் சுற்றிப் பிறேக் எண்ணெய் ஈரம் உண்டா? இருந்தால் அது கைப்பிறேக் சங்கதியன்று. கால்பிறேக் முழுவதையும் தெரிந்தவர் ஒருவர் பார்த்தாக வேண்டும். நல்ல காலம், இரண்டும் இல்லை. லைனரிலும் போதிய தடிப்பு இருந்தது. ஆனால் இடைவெளியைக் குறைக்கும் திருகு பல ஆண்டுகளாக ஒருவருடைய கையும் படாமல் இறுகிக் கிடந்தது. பின்தட்டில் நெம்புகோல் அசையும் இடத்தில் கறளும் சேறும் சேர்ந்து கட்டியாகியிருந்தன. வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கம்பித் தூரிகையால் நனைத்து உரைத்து, உராய்கின்ற இடங்களில் மாத்திரம் பிறேக்குக்கான கிறீஸை ஊசிமுனை அளவு வைத்தார்கள். கிறீஸ் தாராளமாகப் பூசும் பொருள் அன்று. சூடேறினால் உருகி லைனரில் இறங்கிவிடும்.

பிறகு கேபிள்கள். இருக்கைகளுக்கு நடுவே விரிப்பை நீக்கினால் கைப்பிறேக் தண்டின் அடியில் இரண்டு நட்டுகள் தெரியும். ஒன்று வலப்பக்கத்துக் கேபிளுக்கு, மற்றது இடப்பக்கத்துக் கேபிளுக்கு. ஒன்றின் புரி முடிவு வரை இறுக்கப்பட்டிருந்தது. வண்டியின் வயிற்றடியில் பார்த்தபோது மற்றதன் இழைகள் வளைவு ஒன்றில் ஐந்தாறு அறுந்து முடி போலச் சிலிர்த்து நின்றன. நாம் அதைக் கையில் எடுத்துப் பார்த்தோம். போன ஆண்டு அம்மா கல் வைத்தது எவ்வளவு நல்லது என்று எல்லோருக்கும் அப்போது தோன்றியது. ஆனால் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

புதிய கேபிள்கள் ஆயத்தமாகவே இருந்தன. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகள் வீதி நெடுகிலும் நிரம்பியுள்ளன. மைனரின் பாகங்கள் அங்கே இன்றும் தேடினால் கிடைக்கும். உறவினர் ஒருவர் வாங்கி இரவு பஸ்ஸில் அனுப்பியிருந்தார். ஒரு கேபிள்தான் அறுந்திருக்கிறது, மற்றது கிடக்கட்டுமே என்று சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. புதியதும் பழையதும் ஒரே அளவில் நீள்வதில்லை. ஒரு சில்லு பிடிக்க மற்றது பிடிக்காமல் போகும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம்.

எல்லாவற்றையும் பூட்டிய பின் அளவு வைக்கும் வேலை. டிறத்தில் உள்ள துவாரத்தினூடாகத் திருப்புளியை நுழைத்து, உள்ளே உள்ள திருகைச் சில்லு முற்றாக இறுகும் வரை திருப்பி, பின் ஒரு பல் தளர்த்தினார்கள். சில்லு தடையின்றிச் சுழன்றது. இரு பக்கமும் இவ்வாறு முடிந்த பிறகே கேபிளின் நட்டுக்குப் போனார்கள். தண்டை மூன்றாவது பல் வரை இழுத்து நிறுத்தி, ஒவ்வொரு நட்டையும் சிறிது சிறிதாக இறுக்க, வளவில் இருந்த இளைஞர் இரண்டு சில்லுகளையும் கையால் மாறி மாறிச் சுழற்றிப் பார்த்தார். முழுப் பலத்தையும் கொடுத்தால் மாத்திரமே சுழலும் என்னும் அளவு வந்தபோது நிறுத்தினார்கள். இரண்டு சில்லும் ஒரே அளவாகத் தடுக்க வேண்டும் என்பதில் மகள் கண்டிப்பாக இருந்தார். பின்னர் தண்டை விட்டுப் பார்த்தார்கள். சில்லுகள் மறுபடியும் தாராளமாகச் சுழன்றன. விட்ட பின்னும் உரசினால் அதிகமாக இறுக்கிவிட்டோம் என்பது பொருள்.

“மகள், போதுமா?” என்று கேட்டார் தகப்பனார்.

“இங்கே போதும் அப்பா. மேட்டில்தான் பார்க்க வேண்டும்.”

மேட்டுக்கு எங்கே போவது? சித்தாண்டியில் ஏற்றம் தேடுவது கடலில் நிழல் தேடுவது போன்றது. முதலில் வளவிலேயே தண்டை இழுத்துவிட்டு நால்வர் சேர்ந்து தள்ளினார்கள், கார் அசையவில்லை. பிறகு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு குளக்கட்டு ஒன்றுக்கு ஏறும் சரிவுக்குப் போனோம். ஒரு முறை முகம் மேலே பார்க்க, ஒரு முறை முகம் கீழே பார்க்க, இரு விதமாகவும் நிறுத்தினார்கள். ஒரு திசையில் பிடிக்கும் பிறேக் மறு திசையில் விட்டுவிடுவதும் உண்டாகையால் இப்படிப் பார்ப்பதே முறை. கட்டில் எருமைகள் படுத்திருந்தன, அவையும் பார்த்தன. முகம் மேலே இருந்தபோது வீட்டுக்காரர் காலை மெல்லப் பிறேக்கிலிருந்து எடுத்தார். கார் ஒரு சாண் பின்னே நகர்ந்து நின்றது. பின்பு நகரவில்லை. இருக்கைக்கு அடியில் சாவியை விட்டு இரண்டு நட்டுக்கும் அரைச் சுற்றுக் கொடுத்தார்கள். அடுத்த முறை அந்த ஒரு சாணும் இல்லை.

அம்மா கீழே இறங்கி, காரைச் சுற்றி ஒரு முறை நடந்து, பின்சில்லின் அருகே சற்று நேரம் நின்றார். அவர் கையில் பாலை மரத்தில் சீவிய இரண்டு ஆப்புக் கட்டைகள் இருந்தன. கல் பொறுக்கிக் களைத்து, தச்சரிடம் சொல்லிச் செய்வித்தவை. வைக்கவில்லை, ஆனால் எறிந்துவிடவும் இல்லை. டிக்கியைத் திறந்து உள்ளே போட்டார்.

“அது எதற்கு அம்மா? இப்போதுதான் பிடிக்கிறதே,” என்றார் மகள்.

“பிடிக்கட்டும். அதுவும் கிடக்கட்டும்.”

அம்மாவின் பக்கமே நாமும் நிற்கிறோம். ஏற்றத்தில் நிறுத்தும் காருக்குக் கைப்பிறேக்கோடு கியரும் வேண்டும்; முன்சில்லை வீதியோரக் கட்டுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வைப்பதும் நல்லது; கட்டையும் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த வாரம் அவர்கள் பதுளைக்குப் புறப்பட்டுப் போனார்கள். போய்ச் சேர்ந்த அன்று மாலையே தொலைபேசியில் செய்தி வந்தது. லுணுகலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்களாம். அம்மா இறங்கியது தேத்தண்ணி குடிப்பதற்காகவாம். புதிய கேபிள் ஓட்டத்தில் சிறிது நீண்டு, மூன்றாவது பல்லில் பிடித்தது ஐந்தாவது பல்லுக்குப் போயிருந்ததாம். புதிய கேபிளுக்கு இது வழக்கம்தான். மறுநாட் காலை மாமா வீட்டு முற்றத்திலேயே மகள் நட்டுகளை மீண்டும் அளவு வைத்ததாகச் சொன்னார்கள்.